எடுத்துக் கொடுக்கும் குரல்

ஆரல்வாய்மொழியில் திருநெல்வேலி பஸ்ஸுக்காக நிற்கிறேன். கணவாய்க் காற்று கண்ணில் மண்ணை அடிக்கிறது. சாலையின் எதிர்ப்புறம் கட்சித் துண்டு போட்ட முப்பது பேர், மாவட்டத் தலைவரை வரவேற்கக் கூடியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் என்னைத் தவிர ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் மட்டும். அவர் சேலையிலும் அதே கட்சிக் கரை. பஸ்கள் வந்து போகின்றன. எதிலும் அவர் ஏறவில்லை.

“நீங்க அங்க போகலையா அக்கா?”

“என்னைய கட்சிய விட்டு நீக்கிட்டாவ மக்கா. வேட்பாளர கிளையில உள்ளவங்க ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கணும்னு மனு எழுதுனேன். அங்க நிக்கதுல பாதிப்பேரு அதுல கையெழுத்துப் போட்டாவ. பொறவு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டாவ.”

“நீங்க குடுக்கலையா?”

“நான் என்ன தப்பு செஞ்சேன்?”

கார் வந்து நிற்கிறது. தலைவர் இறங்கிக் கும்பிடுகிறார். ஒரு சத்தமும் இல்லை. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

“இருவது வருசமா கோஷம் எடுத்துக் குடுக்கது நான்தான்,” என்கிறார் அக்கா, தாழ்ந்த குரலில். “அவங்களுக்கு ‘வாழ்க’ மட்டுந்தான் சொல்லத் தெரியும்.”

எதிர்ப்புறத்திலிருந்து சில கண்கள் இப்போதுதான் இவரைத் தேடுகின்றன. அக்கா பையை என் காலடியில் வைத்துவிட்டுக் கையை உயர்த்துகிறார்.

“மாவட்டத் தலைவர்...”

லாரிச் சத்தத்தையும் காற்றையும் தாண்டிப் போகிறது அந்தக் குரல்.

‘வாழ்க’ வரவில்லை. சொல்லலாமா என்று முப்பது பேரும் தலைவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். நானே சொல்லித் தொலைக்கலாமா என்றிருக்கிறது. அக்காவின் கை இன்னும் மேலேயே இருக்கிறது.