அப்பாவின் செருமல்

கணக்கில் ஃபெயிலான தாளை மகள் என்னிடம் நீட்டியதும், சோபாவிலிருந்த அப்பா தொண்டையைச் செருமினார்.

அந்தச் செருமல் எனக்குத் தெரியும். எண்பதுகளில், தாராவிக் குழாயடியில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நிற்கும்போது, அப்பா என் மார்க் கார்டோடு வந்து இப்படித்தான் செருமுவார். பிறகு உரக்க வாசிப்பார்.

"கணக்குல பதினெட்டு! எம்மவ லட்சணத்தக் கேட்டுக்கிடுங்க!"

குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்தையும் மீறிச் சிரிப்பார்கள். இன்றும் எனக்கு அந்தச் சிரிப்புக்குக் குழாயடியை ஒட்டியிருந்த தோல் கிடங்கின் வாடைதான்.

இப்போது அப்பா கையை நீட்டினார். "கொண்டா, நான் வாசிக்கேன்."

நான் கொடுக்கவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "போனாப் போவுது. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போட்டுப் பாப்போம்."

அப்பாவுக்குக் காது மந்தம். அதனால், அவர் முகத்தைப் பார்த்தபடி, குழாயடியில் அவர் வாசித்த அதே உரத்த குரலில்தான் இதைச் சொன்னேன்.