எங்கள் காட்டின் ஆகாயப் படம்

எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் எங்கள் கிணறு வற்றியபோது, நான் கோயம்புத்தூரில் நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "மக அதத்தான படிக்கறா, தண்ணி எங்க இருக்குதுன்னு கேளுங்க" என்று அப்பாவைச் சீண்டாத ஆளில்லை.

எங்கள் பக்கம் பாறையில் வெடிப்பு ஓடும் இடத்தில்தான் தண்ணீர். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த வெடிப்பு கோடாகத் தெரியும். அரசாங்கம் அப்படிப்பட்ட படங்களை என்றோ எடுத்து வைத்திருந்தது. ஆனால் ராணுவ ரகசியமாம், டெல்லி அனுமதி வேண்டுமாம். மனுப் போட்டேன், பதில் இல்லை. படங்கள் இருந்த அலுவலகத்துக்கு நேரில் போனால் அங்கிருந்த அதிகாரி அலமாரியைத் திறக்காமலே, "ஞான் எந்து செய்யானா?" என்று கையை விரித்தார். எங்கள் சோளக்காட்டில் அப்படி என்ன ரகசியமோ!

இதற்குள் என் பேராசிரியர் அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டிருந்தார். செயற்கைக்கோள் எடுத்த படங்களை அங்கே யார் கேட்டாலும் விற்றார்கள். தபாலில் வந்ததை ஊருக்கு எடுத்துப் போனேன்.

"அமெரிக்காக்காரன் குடுக்கறான், நம்மாளு குடுக்க மாட்டேங்கறானா?" அப்பாவுக்குச் சிரிப்பு.

படத்தில் பாலக்காட்டுக் கணவாய் முழுவதும் இருந்தது. எங்கள் ஊரருகே ஒரு கோடும் மங்கலாகத் தெரிந்தது. பாறைக்கு வெடி வைக்கும் ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். விட்டால் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போய்விடுவார்கள், பிறகு அடுத்த கோடைதான். கிணறு வெட்ட அப்பா உழவு மாடுகளை விற்றிருந்தார். இடம் தப்பினால் இன்னொன்று வெட்ட வழி கிடையாது.

"கெழக்கயா, மேக்கயா கண்ணு?"

"இதுல தெரியாதுங்கப்பா. நம்ம காடே இதுல ஒரு புள்ளிதானுங்க."

அப்பா கிழக்கே கையைக் காட்டினார். வெடி வைத்த இடமெல்லாம் பாறை, அதற்குக் கீழும் பாறை. ஆட்கள் கிளம்பிப் போனார்கள்.

ஐப்பசியில் அனுமதி வந்தது. அதே அதிகாரி அதே அலமாரியைத் திறந்து படங்களை மேசையில் வைத்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். கோடு மேற்கு வரப்பை ஒட்டிப் பளிச்சென்று ஓடியது.

அப்பாவிடம் மறைக்கவில்லை. மாடில்லாத கட்டுத்தரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"அதப் பாக்கறதுக்கு நீ உத்தரவு வாங்கோணுமா?"

"ஆமாங்கப்பா."

"எங்காட்டப் படம் புடிக்கறப்ப எங்கிட்ட யாரும் கேக்கலையே கண்ணு."