டம்ளரில் இருக்கும் பெயர்

எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில் 'தணிகாசலம்' என்று இருக்கிறது. என் பெயரும் அதுதான். தன் பெயரைத் தானே வெட்டிவைத்துக்கொண்டு காபி குடிக்கிற மனிதன் என்று வருகிறவர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது தெரிகிறது. நான் மறுப்பதில்லை. அதில் இருப்பது நானல்ல என்று சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிவிடும்.

அறுபதுகளில் திருத்தணியில் பிள்ளை வேண்டி மலையேறாத வீடு குறைவு. முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த மலை என்பதால் தணிகை. பிள்ளை பிறந்தால் அந்த மலையின் பெயரையே வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். பிறந்ததும் மொட்டை, காதுகுத்து, தணிகாசலம். பெண்ணானால் தணிகம்மாள். பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. விளைவு, வாத்தியார் 'தணிகாசலம்' என்றால் வகுப்பில் ஐந்து பேர் எழுந்து நிற்போம். அவர் தம் வசதிக்காக நெட்டை தணிகா, சோடாக்கடை தணிகா, கற்பூரக்கடை தணிகா என்றெல்லாம் பிரித்துவைத்தார். எந்த அடைமொழிக்கும் தேறாத நான் 'சும்மா தணிகா'. அந்தப் பட்டத்துக்கு இதுவரை பங்கம் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கற்பூரக்கடை தணிகாவின் அம்மா பொதட்டூர்பேட்டையிலிருந்து வாழவந்தவர். கணவர் இல்லை, இருந்தது அந்த ஒரே பிள்ளை. மலைப்படி அடிவாரத்தில் கற்பூரமும் தேங்காயும் விற்பார். எங்களுக்கு மூன்றாம் வீடு. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று, வாடா கண்ணு என்பதைப் பாதித் தெலுங்கில், "தணிகா... ரா நைனா!" என்று குரல் கொடுப்பார். தெருவில் விளையாடும் தணிகாக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஆங்!" என்போம். "ஒருத்தன கூப்ட்டா ஊரே வருது பாரு, தடிப்பசங்க" என்று சிரித்துக்கொண்டே திட்டுவார்.

ஓர் ஆடிக் கிருத்திகையன்று, குளத்தில் ஒரு பையன் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஓடிவந்து சொன்னவன் பெயரை மட்டும்தான் கொண்டுவந்தான். "தணிகா பூட்டான்மா!" எந்தத் தணிகா என்று கேட்க ஒருத்தியும் நிற்கவில்லை. ஐந்து அம்மாக்களும் ஓடினார்கள். நான் குளக்கரையில் காவடி வேடிக்கை பார்த்தபடி பொரி தின்றுகொண்டிருந்தேன். அம்மா என் முடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு கத்தினாள்: "என் புள்ள இல்ல! முருகா, என் புள்ள இல்ல!"

அவள் தோளுக்கு மேலாக நான் பார்த்தேன். பின்னால் ஓடிவந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். மற்ற மூன்று பேரும் அவரவர் அம்மாவிடம் அகப்பட்டாயிற்று. வகுப்பில் கணக்கு எனக்கு வராது. அன்றைய கழித்தல் மட்டும் உடனே புரிந்தது.

காரியம் முடிந்த மறுவாரம், விளக்கு வைக்கும் நேரத்தில் அதே குரல். "தணிகா... ரா நைனா!" உருண்டுகொண்டிருந்த கோலியை யாரும் எடுக்கவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குரல் மறுபடியும் வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே "ஆங்" என்றது.

அத்தை உள்ளே கூப்பிட்டு, இந்த டம்ளரில் பால் கொடுத்தார். "நான் சும்மா தணிகா, அத்தே" என்றேன்.

"தெரியாதா எனக்கு? கூப்ட்டுகினே இருந்த வாயி, நைனா. யாரானா ஒருத்தன் ஆங்னு சொன்னாத்தான் சோறு எறங்குது."

பத்து நாள் போல நான்தான் பதில் சொன்னேன். அப்புறம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "செத்த புள்ளயக் கூப்புடுற கூப்பாட்டுக்கு நீ ஆங்னு போவியாடா? அது உன்னையும் இட்டுகினு பூடும்!" மறுநாள் குரல் வந்தபோது என்னை அடுக்களையில் உட்காரவைத்து வாயைப் பொத்தினாள். மஞ்சள் மணக்கும் கை. அத்தை மூன்று முறை கூப்பிட்டார். நான்காவது முறை இல்லை.

பல வருடங்களாக அம்மா வாயைப் பொத்தியதால்தான் பதில் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். உண்மையில் அந்தக் கை அவ்வளவு இறுக்கமாக இல்லை. விலக்கியிருக்கலாம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

சில நாளில் அத்தை கடையைக் கட்டிவிட்டு ஊருக்கே திரும்பிப் போனார். அன்று எங்கள் வாசற்படியில் இந்த டம்ளர் இருந்தது. தூக்கியெறிய எடுத்த அம்மா பெயரைப் பார்த்தாள். பிள்ளை பெயர் போட்ட பாத்திரத்தை எறிய அவளுக்குக் கை வரவில்லை. கழுவிக் கவிழ்த்துவைத்தாள். கடைசிவரை அதில் எனக்கு எதுவும் ஊற்றித் தந்ததில்லை.

இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு தணிகாசலம் இருந்தாலே அதிசயம். எந்த மலையையும் ஞாபகப்படுத்தாத பெயர்களாக இரண்டெழுத்தில் வைக்கிறார்கள். அம்மா போன பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆள் இல்லை. ஆபீஸில் சார், வீட்டில் என்னங்க. ஆகவே விளக்கு வைக்கும் நேரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தால், அது யார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

நேற்றும் டம்ளர் கையில் இருந்தது. "ஆங்" என்றேன்.

"நான் ஒண்ணும் கூப்பிடலியே?" என்றாள் மனைவி உள்ளிருந்து.

"சர்க்கரை போதும்னு சொன்னேன்."

காபி ஆறிப்போயிருந்தது.