அடைக்கலம் வைத்த செம்பு வளையம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் தலைமன்னார் இறங்குதுறைக்குப் பக்கத்தில் தங்கச்சியின் புருசனும் நானும் பங்குக்குத் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தோம். இந்தியாவுக்குக் கப்பலேறும் பட்டாளத்தார் எங்களிடம்தான் வாய் நனைப்பார்கள். அப்படி வந்தவன்தான் அந்த ஆப்பிரிக்க இளைஞன். மேற்குக் கரைக்காரன் என்று மணலில் படம் கீறிக் காட்டினான். கப்பலுக்காக நாலு நாள் காத்துக் கிடந்தான். ஆள் பழகினால் பாஷை பின்னால் வரும் என்று துறைமுகக் கூலியாட்கள் சொல்வார்கள். வந்தது. மூன்றாம் நாளே "அண்ணை, தேத்தண்ணி" என்றான்.

போகிற அன்று துணியில் முடிந்த ஒரு செம்பு வளையத்தைக் காட்டினான். முழு வட்டமில்லை. வாய் திறந்த காப்புப் போல, நுனி இரண்டும் தட்டையாய் விரிந்திருந்தது. நல்ல கனம். அவன் ஊரில் அதுதான் காசாம். சந்தையிலும் செல்லும், பெண் கேட்கவும் செல்லும். தாய் கொடுத்தனுப்பியது. பெண்ணின் தகப்பனுக்கு முன்னால் அதை வைத்தால்தான் பேச்சே தொடங்குமாம். "சண்டை என்னை விழுங்கட்டும், இதை விழுங்கக் கூடாது" என்றான், அவனுக்குத் தெரிந்த இங்கிலிஷில். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அப்படித்தான் விளங்கியது. திரும்பி வரும்வரை வைத்திருக்கச் சொல்லி, மறுபடி முடிந்து தந்தான்.

மச்சானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ராசாட தலை இல்லாத காசும் ஒரு காசோ, மச்சான்? இதைக் காட்டி எங்கட ஊரில பொம்பிளை கேட்டால் விளக்குமாறுதான் வரும்."

"நீர் என்ர தங்கச்சியை என்னத்தைக் காட்டிக் கேட்டனீர்? வெறுங்கையோடதானே வந்தனீர்!"

தங்கச்சிகூடச் சிரித்துவிட்டாள்.

முடிச்சைப் பெட்டகத்தில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். ஞாயிறு பூசைக்கு வேட்டி எடுக்கும்போதெல்லாம் தூக்கிப் பார்ப்பேன். கனம் இருக்கும். அவிழ்க்க மாட்டேன். பிறத்தியார் போட்ட முடிச்சு.

சண்டை முடிந்து அவன் வந்தான். ஒரு கால் இழுபட்டது, சிரிப்பு அப்படியே இருந்தது. கொழும்பு ரயிலுக்கு அரை மணித்தியாலம். ஓடிப்போய் முடிச்சை எடுத்துவந்து அவன் கையிலேயே கொடுத்தேன். அவிழ்த்தான். உள்ளே துருப்பிடித்த இரும்பு, வள்ளத்து நங்கூரச் சங்கிலியின் ஒரு கண்ணி.

மச்சானைப் பார்த்தேன். நன்றாய் எரிகிற அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்தனீர்?"

"செம்பு நெருப்பு விலை வித்த நேரம், மச்சான். பாத்திரம் வார்க்கிறவனிட்டக் குடுத்திட்டன். உவன் உயிரோட வருவான் எண்டு ஆர் கண்டது?"

நிறைக்கு நிறை தேடி இரும்பு வைத்திருக்கிறார். எத்தனை ஞாயிறு அந்த இரும்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாய்ப் பூசை கண்டிருக்கிறேன்! உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்பார்கள். ஒரே பானையில் சோறு தின்கிறவன் செய்தால் என்ன சொல்வது? அதற்கு எந்த வாயிலும் நான் பழமொழி கேட்டதில்லை.

அவனுக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"அண்ணை, நீங்களோ?"

கடை முழுக்கப் பட்டாளத்தார். மச்சானைக் கைகாட்டினால் அவர் முழுசாய் வெளியே போகமாட்டார். தங்கச்சிக்கு அது நிறைமாதம்.

"ஓம்" என்றேன்.

அவன் அடிக்கவில்லை. இரும்பை மேசையில் வைத்தான். துணியை மட்டும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து ரயிலுக்கு நடந்தான்.

மச்சான் எனக்கொரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பங்கீட்டுச் சீனி, இரண்டு கரண்டி போட்டிருந்தார்.

"நீங்கள் பெரிய மனிசன், மச்சான்" என்றார்.