செஞ்சிக் கோட்டையில் நாலு தடவை நின்ற கேமரா

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் சுகன்யா தட்டுகிறாள். கேமராவோடு செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

போன மாசியில், ஒரு புதன்கிழமை. கோட்டையைப் பற்றிய டாக்குமெண்டரிக்கு சுகன்யாதான் கேமரா. அவள் தனியாகப் படம் பிடிக்கும் முதல் வேலை. அனுமதி அந்த ஒரு நாள்தான், சாயந்திரம் ஐந்து வரை. சொதப்பினால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? பேட்டரிப் பை தூக்க ஆள் வேணும் என்றாள். நெல் மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கியவன் நான், கிளம்பிவிட்டேன்.

திண்டிவனத்தில் காலை 6.10 பஸ். இருபத்தெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். செஞ்சியில் இட்லி சாப்பிட்டு ஆட்டோ பிடித்தோம், நூறு ரூபாய். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேல வரைக்கும் ஏறப் போறியா பெரியவரே? எறங்குனா போன் பண்ணு, வரேன்."

முதலில் கீழே கல்யாண மகால். 9.40க்கு கேமரா நின்றது. படம் அப்படியே உறைந்துபோச்சு, எந்தப் பட்டனும் வேலை செய்யலை. பேட்டரியைப் பிடுங்கிப் போட்டால்தான் உயிர் வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஷாட் போச்சு. வெயில் என்று நினைத்து என் துண்டை நனைத்து மேலே போர்த்தினோம். 10.30க்கு நெல் களஞ்சியத்தில் திரும்ப நின்றது. கார்டை மாற்றினாள். ராஜகிரி மலையில் பாதி ஏறியதும் 12.15க்கு நின்றது. பேட்டரியை மாற்றினாள். உச்சிக்குக் கிட்டே, பள்ளத்தைத் தாண்டும் பாலத்தில், 1.20க்கு நாலாவது தடவை. சுகன்யா பாலத்தோரம் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பார்க்க முடியலை.

கேமரா வாடகைக்குக் கொடுத்த சென்னைக் கடைக்குப் போன் போட்டாள். அங்கே இருக்கிறவர் நிதானமாகப் பேசினார். "முந்தாநேத்துதான் புது ஃபர்ம்வேர் ஏத்தினோம் மேடம்." கேமராவுக்குள்ளே இருந்து அதை ஓட்டுகிற சாஃப்ட்வேராம். "நிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சீங்க, வரிசையா சொல்லுங்க."

அவள் குறித்து வைக்கலை. நான் சொல்றேன்னு போனை வாங்கினேன். மண்டியில் எந்த லாரிக்கு எத்தனை மூட்டை என்று மனசில்தான் வைத்திருப்பேன்.

"மகால்ல பொண்ணு கோபுரத்தை எடுத்துச்சு. எடுத்ததைக் காமிம்மான்னேன், காமிச்சுது. அடுத்த ஷாட்டுல கேமரா நின்னுபோச்சு. குதிரை லாயத்துல கொரங்கு பையைப் புடிச்சுக்கிச்சு, நான் தொரத்தப் போயிட்டேன். அங்க எடுத்த நாலு ஷாட்டும் ஒழுங்கா வந்துச்சு. களஞ்சியத்துல வவ்வால் பறந்துச்சு, அதைக் காமிக்கச் சொன்னேன்..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு தடவையும் நிற்பதற்கு முன்னால் எடுத்ததைக் காமிக்கச் சொல்லி நான்தான் கேட்டிருக்கிறேன்.

"எடுத்ததைப் போட்டுப் பாத்துட்டு, நேரா அடுத்த ஷாட் எடுக்கிறப்பதான் நிக்குதா?" என்றார் அவர்.

சோதித்தோம். போட்டுப் பார்த்து எடுத்தால் நின்றது. பார்க்காமல் எடுத்தால் ஓடியது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்றிலும் அதேதான். "அப்போ பாக்காதீங்க. பாத்தா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. நாளைக்கு பழைய வெர்ஷனையே போட்டுடலாம்," என்றார்.

சுகன்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனிக்கு எழுதிப் போடறேன் நைனா, எங்க நைனா காமின்னு கேட்டாலே கேமரா நிக்குதுன்னு."

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், மூச்சு வந்தது ஒரு பக்கம். அவள் பாலத்தை எடுத்தாள், மேலே கோயிலை எடுத்தாள், கீழே ஊரை எடுத்தாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். 3.45க்கு எல்லாம் முடிந்து இறங்க ஆரம்பித்தோம்.

போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. சுமையோடு ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தின்பண்டம் கையில் தெரியக் கூடாது, குரங்கு விடாது. வாடகைக் கேமராவில் புதுசாக ஏதாவது ஏற்றினார்களா என்று கேளுங்கள். முதல் நாளே வீட்டில் எடுத்து, போட்டுப் பார்த்து, மறுபடி எடுத்துப் பாருங்கள். நின்றால், அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்பதை விடாமல் ஞாபகம் வையுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சுகன்யா கேமராவை மடியில் வைத்து ஆன் பண்ணி, எடுத்ததைப் போட்டு என் பக்கம் திருப்பினாள்.

"வேணாம்மா, நின்னுடப் போவுது."

"நின்னா நிக்கட்டும் நைனா. இனிமே எடுக்க ஒண்ணுமில்ல, பாரு."