நூற்றுப் பதினெட்டு - ஏ

எங்கள் சபையில் காணிக்கைக் கவர்களுக்கு எண் உண்டு. குடும்பத்துக்கு ஓர் எண். வருடத் தொடக்கத்தில் அந்த எண் அச்சடித்த கவர்கள் கட்டாக வீட்டுக்கு வந்துவிடும். ஞாயிறுதோறும் ஒரு கவரில் பணத்தை வைத்து ஒட்டிக் காணிக்கைப் பையில் போட வேண்டும். ஆராதனை முடிந்ததும் பீடத்துக்குப் பக்கத்து அறையில் இரண்டு பேர் கவர்களைப் பிரிப்பார்கள். நான் எண்ணைப் பார்த்துக் கணினியில் பதிவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்த எண்ணில் என்ன வந்தது என்று சீட்டு அச்சடித்து, மடித்து ஒட்டி, அந்தந்த வீட்டுத் தலைவரிடம் கொடுப்பதும் என் பொறுப்பு.

கவர்களை வைத்தே ஆட்களைச் சொல்லிவிடலாம். ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் ஒருவர், கவரின் நான்கு மூலையிலும் பின் அடித்து அனுப்புவார். கப்பலில் போகும் பெட்டி என்று நினைப்பு. சில கவர்களில் முன்தினமே வாங்கி வைத்த பிரியாணி மசாலாவின் வாசனை இருக்கும். பின்பக்கத்தில் ஜெப விண்ணப்பம் எழுதலாம் என்பதால், ஒரு வீட்டிலிருந்து 'மருமகள் சமைக்கக் கற்றுக்கொள்ள' என்று வந்தது. அடுத்த மாதம் அதே எண்ணில், வேறு கையெழுத்தில், 'மாமியார் சும்மா இருக்க' என்று வந்தது. இரண்டையும் போதகரிடம் கொடுத்தேன். இரண்டுக்காகவும் ஜெபித்தார்.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. என் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பிறகு போதகர் என் கையில் திணித்தது. மேம்பாலத்தை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், தோல் ஏற்றிப் போன லாரி உரசியதில் அவளுக்குக் காலிலும் தோளிலும் எலும்பு முறிந்தது. நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, யாரோ முன்பின் தெரியாத மனிதர் அவளுடைய போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மகள் தேறிவிட்டாள். நடக்கிறாள், மாடி ஏறுகிறாள், அப்பாவோடு சண்டை போடுகிறாள். நான்தான் தேறவில்லை. ரிங்டோனை மாற்றிப் பார்த்தேன். சத்தமில்லாமல் அதிரும்படி வைத்துப் பார்த்தேன். இப்போது மேசை லேசாக அதிர்ந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

"வீட்ல உக்காந்து கேட்டையே பாத்துட்டு இருக்காதீங்க டீச்சர். இங்க வந்து நம்பரப் பாருங்க" என்றார் போதகர். வந்தேன். பார்த்தேன். நிஜமாகவே அந்த இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருந்தது.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. சம்பாதிக்கத் தொடங்கும்வரை பிள்ளைகள் பெற்றோரின் எண்ணில் இருப்பார்கள். முதல் சம்பளம் வந்ததும் அவர்களுக்குத் தனி எண். பட்டியலின் கடைசி எண்ணுக்கு அடுத்தது. போதகர் எண்ணை வாசிக்க, பிள்ளை முன்னால் போய்ப் புதுக் கவர் கட்டை வாங்கிக்கொள்ளும்.

மகளுக்கு ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை கிடைத்து, முதல் சம்பளமும் வந்தது. அன்று மாலை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு நம்பர் குடு. அப்புறம், திங்கக்கெழமைலேர்ந்து வண்டியில போறேன்."

"கம்பெனி பஸ் இருக்கே?"

"அது ஊரெல்லாம் சுத்திட்டு வருது. பேஜாரா இருக்கும்மா."

"இப்ப இன்னா அவசரம்?"

"நீ எப்ப சரின்னு சொல்வே? எனக்குப் பேரன் பொறந்தப்புறமா?"

"பேரனுக்கும் சைக்கிள்தான்" என்றார் என் கணவர், பேப்பரை இறக்காமலே.

வண்டி கூடாது என்று சொல்லிவிட்டேன். எண்ணை மறுக்க வழியில்லை. ஆனால் இரண்டையும் அவள் ஒரே மூச்சில் கேட்டது என் மனதில் ஒட்டிக்கொண்டது. தனி எண் வாங்கினால் அடுத்து வண்டிச் சாவியையும் எடுத்துக்கொள்வாள் என்று பட்டது. எங்கள் குடும்ப எண் நூற்றுப் பதினெட்டு. கணினியில் அதற்குக் கீழே ஒரு வரியைச் சேர்த்து, '118 - ஏ' என்று மகளின் பெயரைப் போட்டேன். எங்கள் கவர்கள் சிலவற்றை எடுத்து மார்க்கரில் ஏ எழுதினேன். திரையில் இரண்டு வரியும் அடுத்தடுத்து இருந்தன. பார்க்க இதமாக இருந்தது.

ஞாயிறன்று போதகர் வாசித்தபோது பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. மகள் கவர் கட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உதட்டை அசைக்காமல் கேட்டாள்: "நான் இன்னா டவுன் பஸ்ஸா?"

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரமே தாய்மார்கள் வரத் தொடங்கினார்கள்.

"டீச்சர், எம் பையனுக்கும் அந்த மாதிரி ஏ போட்டுக் குடுங்க" என்றார் ஒரு அக்கா. அவருடைய பையன் பெங்களூரில் இருக்கிறார். அவர் பிள்ளைகளே பள்ளி முடிக்கப்போகிறார்கள்.

"அவருக்குத் தல நரைச்சிடுச்சேக்கா."

"நரைச்சா இன்னா? நான்தானே பெத்தேன்?"

இன்னொரு அம்மா மகனுக்கு ஏ-யும் மருமகளுக்கு பி-யும் கேட்டார். "பி-யக் கொஞ்சம் சின்னதாப் போடுங்க" என்று காதோடு சொன்னார். என் மகளுக்குச் செய்துவிட்டு மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியலில் எழுத்துகள் பெருகின. பொருளாளர், கம்ப்யூட்டர் ஏ-யைக் கூட்ட மாட்டேன் என்கிறது என்று தினமும் போன் செய்தார்.

மூன்று மாதச் சீட்டு அச்சடிக்கும் நாள் வந்தது. ஏ என்பது அதே குடும்ப எண்தானே என்று, பெற்றோரின் தொகையையும் பிள்ளையின் தொகையையும் ஒரே சீட்டில் போட்டு வீட்டுத் தலைவர்களிடம் கொடுத்தேன். காகிதம் மிச்சம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு, கவர்களைப் பிரித்து முடித்து எல்லோரும் போன பிறகு ஒரு இளைஞன் அறைக்குள் வந்தான். என்னிடம் படித்தவன். தோல் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அவனுடைய அப்பா கேட்டுக்கொண்டதால் அவனையும் ஏ ஆக்கியிருந்தேன்.

"டீச்சர், எங்கப்பா பத்தால பெருக்கிட்டாரு" என்றான்.

எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவன் தசமபாகம் கொடுப்பவன். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் சரியாகக் கவரில் வைப்பவன். வீட்டில் சம்பளத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான். ஆண்டவரிடம் குறைத்துச் சொல்ல முடியவில்லை. அப்பா சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்.

"எதுக்குடா கம்மியாச் சொன்னே?"

"முழுசாச் சொன்னா மாமா, சித்தப்பான்னு கைமாத்து கேட்டு லைன்ல நிப்பாங்க டீச்சர். அப்பாவுக்கு இல்லன்னு சொல்ல வராது. பேரணாம்பட்டு ரோட்ல ஒரு சின்ன மனைக்குச் சீட்டு கட்டறேன். அம்மா பேர்ல."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நேத்துலேர்ந்து எனக்கு மட்டும் டீல சக்கரை கம்மி."

சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். பிறகு மேசையில் கிடந்த ஒரு பழைய கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி சொன்னான்: "பத்தால பெருக்க எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான். அதுல தப்பில்ல. ஆனா கவர ஒட்டித்தானே போடறோம் டீச்சர்? உள்ள இருக்கறது எங்கப்பாவுக்கு இல்லியே."

அவன் போனதும் போதகரிடம் போய், எல்லா எழுத்துகளையும் எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்துவிடலாம், சீட்டையும் அவரவர் கையிலேயே கொடுக்கலாம் என்றேன். கேட்டுக்கொண்டிருந்த பொருளாளர், "ஸ்தோத்திரம்" என்றார். அவர் அவ்வளவு மனதாரச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மாலை மகளிடம் சொன்னேன். "உனக்கு எரநூத்தி அறுபத்தி நாலு. சீட்டும் தனியா வரும். ஒட்டித்தான் தருவேன்."

"அச்சடிக்கறதே நீதானே?"

"அச்சடிக்கும்போது கண்ண மூடிக்கறேன்."

சிரித்தாள். "வண்டி?" என்றாள்.

"பயமா இருக்குடி."

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. பஸ்ல அந்த எடத்தத் தாண்டும்போது சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கறேன். தெனமும் அப்படியே போனா, எப்பவும் அப்படியேதான் போவேன்."

அவளுக்குப் பயம் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. இத்தனை மாதமாக வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று இருந்துவிட்டேன். அவள் பயத்தையும் சேர்த்து நானே பட்டுவிட்டால் தீர்ந்தது என்பது போல.

எண் வழங்கும் ஞாயிறு வந்தது. தனி எண் வாங்க நீளமாக வரிசை நின்றது. நரைத்த தலைகளும் இருந்தன. போதகர் இருநூற்று அறுபத்து நான்கு என்று வாசிக்க, மகள் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். நான் பின்னால். என் கணவர் எப்போதோ வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்திருந்த இரண்டு புது ஹெல்மெட்டும் எங்கள் தலையில் இருந்தன. சர்வீஸ் ரோட்டில் அந்த இடம் வந்தபோது அவள் வேகத்தைக் குறைத்தாள். எதிரே ஒரு லாரி வந்து, தோல் நாற்றத்தோடு கடந்து போனது.

"அம்மா, தோள விடு. வலிக்குது."

கையை எடுத்துப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை அதிலேயே இருந்தது என் கை.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. மகள் டிரைவரிடம் சொல்ல மறந்துவிட்டாள் போலும். மேசையில் போன் இருந்தது. அதைத் தொடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு நானே போனேன்.

"இன்னாக்கா, பாப்பா வரலியா? ஒடம்பு சரியில்லியா?" என்றார் டிரைவர்.

"நல்லா இருக்கா. வண்டியில முன்னாடியே போய்ட்டா" என்றேன்.