ஏகாம்பரம் போட்ட இரண்டு கையெழுத்துகள்

விதிகளை விரல் நுனியில் வைத்திருந்தவர் என்று, நான் ஓய்வுபெற்ற அன்று பாராட்டினார்கள். அந்தத் திறமை பொன்னேரியில் எட்டாம் வகுப்பிலேயே எனக்கு வந்துவிட்டது.

அது அறுபதுகள். வகுப்புத் தலைவனான நான்தான் பிராக்ரஸ் கார்டுகளை வாங்கிச் சரிபார்ப்பேன். சாரிடம் ஒரு சபாஷ் வாங்குவதற்காக, என் நண்பன் ஏகாம்பரத்தின் கார்டை நீட்டி, "அப்பா கையெழுத்தை இவனே போட்டிருக்கான் சார்" என்றேன்.

"போய் ஒங்கப்பன இட்டாந்துட்டு உள்ள வா" என்றார் சார்.

"நைனா வேற குடும்பம் பண்ணிக்கினு போய்ட்டாரு சார்."

வகுப்பே சிரித்தது. முன்பே அதை அறிந்திருந்த நானும் சிரித்தேன்.

பையோடு வெளியேறப் போனவன் என் பெஞ்சருகே நின்றான். கணக்கில் தோற்றிருந்த நான், அடிக்குப் பயந்து, என் அப்பாவின் கையெழுத்தையும் அவனைத்தான் போடச் சொல்லியிருந்தேன்.

"பயப்படாதடா, ஒன்னுத சொல்ல மாட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். அதன்பின் அவன் பள்ளிக்கு வரவேயில்லை.

என் கார்டைச் 'சரி' எனக் குறித்து, மற்ற கார்டுகளோடு சேர்த்துக் கட்டினேன். இன்றும் ஏதாவது படிவத்தில் 'தந்தை கையொப்பம்' என்ற கோட்டைப் பார்த்தால், என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.